மிச்சப் பாதி

போன கிழமை மூண்டு படம் பார்த்தன்.
கேட்டனிதானே பவளராணி, அதுதான் சொல்லுறன்.
உனக்கு அங்க இப்பதான் விடியுது.
இங்க கச்சான் காத்து,
கதவு நிண்டபாட்டுக்கு அடிக்குது.

முதலாவது புதுசு. தியேட்டருக்கே போனனான்.
மா ஆலையில என்னோட நிக்கிற பஸ்மினாவும் வந்தவள்.
கதாநாயகன் ஒற்றைத் துவக்கால
முந்நூற்றுப் பதினொரு பேரைச் சுட்டான்.
எண்ணினது நானில்லை, அவள்தான்,
மூட்டை எண்ணிப் பழகின வாய்.
ஒரு சூட்டுக்கும் காகம் எழும்பேல்லை.
அங்கதான் எனக்குப் படம் விட்டுப்போச்சு.
துவக்கு வெடிச்சா முதல் காகம்,
பிறகு நாய்,
பிறகு ஆரோ ஒருத்தி பிள்ளையின்ர பேரைக் கூப்பிடுவாள்.
படம் எடுத்தவனுக்கு இதை ஆர் சொல்லுறது?
இடைவேளைக்குத் தந்த ரோல்ஸ் மட்டும் நல்ல சூடு.

வரேக்க கோட்டை வாசலடியில ஒரு மான்
அவன்ர போஸ்டரை உரிச்சு உரிச்சுத் தின்னுது.
எங்கட ஆலை மாவில காய்ச்சின பசை, ருசிதானே.
துவக்கை முதல் திண்டது, பிறகு மீசை.
நான் சொன்னதைவிட அதின்ர விமர்சனம் திறம்.

இரண்டாவது வீட்டில, மகனோட.
திருகோணமலை எண்டு எழுத்துப் போட்டுக் காட்டுறாங்கள்,
நடுக்கடலுக்குள்ள சூரியன் விழுகுது!
மகன் கதிரையால எழும்பிச் சிரிச்சான்.
உள்துறைமுகப் பக்கமாயிருக்கும் எண்டு
நான் அவங்களுக்காக வாதாடினன்.
"அங்கயும் மலைக்குப் பின்னாலதானே அம்மா விழும்."
அதில ஒருத்தி எங்கட தமிழ் கதைக்கிறாளாம்,
வசனத்துக்கு ரெண்டு "ஓம்."
ஓம் போட்டா எங்கட தமிழாகுமோ?
ஆனா ஒண்டு, அவள் பாரை வெட்டின விதம் சரி.
செதிள் முழங்கை மட்டும் ஒட்டியிருந்தது,
மூக்கைப் புறங்கையால தேய்ச்சாள்.
எங்கயோ குந்தியிருந்து பார்த்துப் பழகியிருக்கிறாள்.
அந்த இடத்தில கண் கலங்கினது,
கதைக்காக இல்லை.

மூண்டாவது பழசு.
உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் டிக்கெட் எடுத்தனி.
தொண்ணூறாம் ஆண்டு, ஆனி மாசம், மட்னி.
கடிதத்தை வாசிக்காம மடிச்சு
அவள் சீனி டப்பாவுக்குள்ள வைக்க
இடைவேளை எண்டு எழுத்து விழுந்தது.
கச்சான் கொட்டை வாங்கப் போன நீ
வெறுங்கையோட ஓடி வந்தாய்.
ஒரு செருப்பு கதிரைக்குக் கீழ.
என்ரயோ உன்ரயோ, இண்டைக்கும் தெரியாது.

பிறகு நான் அந்தப் படத்தை
எனக்குள்ளேயே ஓட்டி முடிச்சு வச்சிருந்தன்.
என்னில அவள் கடிதத்தைத் திறக்கவேயில்லை.
தபால்கந்தோரில வேலை எடுத்தாள்.
ஆரையும் கட்டேல்லை. சீனி முடியிற நேரமெல்லாம்
கடிதம் வெளிய வரும், தட்டிப்போட்டுத் திரும்ப வைப்பாள்.
இரவு வேலையில மூட்டை தைக்கேக்க
அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் தலை நரைக்க விட்டன்.

வியாழக்கிழமை மகன் ஃபோனில தேடி எடுத்துத் தந்தான்.
மிச்சப் பாதியைப் பார்த்தன்.
விசர்ப் படமடி.
கடிதம் எழுதினவனுக்கு இரட்டைப் பிறவி அண்ணனாம்.
குதிரை வண்டியாம், படியில தேங்காய் உருளுற பகிடியாம்.
கடைசியில எல்லாரும் வரிசையா நிண்டு சிரிக்க, சுபம்.
சீனி டப்பாவை ஒருத்தரும் திறக்கேல்லை.
எடுத்தவனே மறந்துபோனான்.

தேங்காய்க்கு நான் சிரிச்சதையும் சொல்லவேணும்.
ரெண்டு தரம். பின்னால இழுத்துப் போட்டு இன்னொருக்கா.

உனக்கும் அனுப்பிவிடலாம், பெரிய வேலையில்லை.
ஆனா அதுக்கு முதல்
உன்னில அவள் என்ன செய்தவள் எண்டு சொல்லு.
கடிதத்தில என்ன இருந்தது எண்டு
நீயாவது பார்த்தனியோ?

மறுபடி கதவு. பொறு,
ஒரு கல்லு வச்சிட்டு வாறன்.